இருபதாவது தகவல்

ஏப்ரல் 10, புதன்

இன்று முட்டைகள் வந்தன. இருபத்து மூன்று.

மஞ்சீரா ஆற்றங்கரையில் மண் அள்ளும் இயந்திரம் ஒரு முதலைக் கூட்டின் ஓரத்தைப் பெயர்த்துவிட்டதாம். தகவல் வந்ததும் ஓட்டுநர் இர்பான் பாய் ஜீப்பில் போய் எடுத்து வந்தார். நாளை ரம்ஜான். நோன்போடு அவ்வளவு தூரம் ஓட்டிப் போய், வெயிலில் மண்டியிட்டுத் தோண்டி, ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். முட்டைப் பெட்டிக்குள் இருக்கும் ஈர மணலில் பாதி புதைத்து வைத்தார். "நாலு நாள் லீவு மேடம், மறக்க வேணாம்" என்று மாதங்கி மேடத்திடம் சொல்லிவிட்டு, கை கழுவக்கூட நிற்காமல் போனார். சென்னைக்கு லாரி ஓட்டிய காலத்தில் கற்ற தமிழ் அவருடையது.

வாத்து முட்டையைவிட நீளம். ஓடு சுண்ணாம்பு பூசிய சுவர் போல இருக்கிறது. தொட்டுப் பார்க்க ஆசை. தொடவில்லை.

இந்த மீட்பு மையத்துக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஜூன் வரை தற்காலிகம். சரியாகச் செய்தால் நிரந்தரம் என்று மையத்தின் பொறுப்பாளர் மாதங்கி மேடம் சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். திரும்பிப் போய் நின்றால் என்ன சொல்வது?

ஏப்ரல் 12, வெள்ளி

மேடம் விசாகப்பட்டினத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். சனி, ஞாயிறு முட்டைகள் என் பொறுப்பு.

"டெம்பரேச்சர் முப்பத்தொண்ணு தாண்டக் கூடாது. மணல் காஞ்சா தண்ணி தெளி. ரிஜிஸ்டர்ல எழுது. அவ்ளோதான், ஹவ்?"

ஹவ் என்றால் சரி. தலையாட்டினேன். மேடம் வீட்டார் நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத். அவர் தமிழில் உருதும் இங்கிலீஷும் கலந்தே வரும். பேச்சு வேகம். நான் ஒரு வாக்கியம் யோசிப்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

ஏப்ரல் 13, சனி

முட்டைகளும் நானும் மட்டும். வாசலில் காவலாளி.

பதிவேட்டில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம், ஈரத்துக்கு ஒரு கட்டம். திருப்பிய நேரத்துக்குக் கட்டம் இல்லை. அதெப்படி? அப்பா வேலை செய்யும், கோழிக்குஞ்சு பொரிக்கும் நாமக்கல் ஹேச்சரியில் மணிக்கொரு முறை லீவரை இழுத்து ட்ரேயைச் சாய்ப்பார்கள். வீட்டில் நாட்டுக்கோழி முட்டைக்கு அப்பா செய்த பல்பு பெட்டியில் நான்தான் திருப்புவேன். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். இங்கேயும் பெருக்கல் குறி இருக்கிறது. ஆகவே திருப்பத்தான் வேண்டும்.

மேடத்துக்கு மெசேஜ் அடித்தேன். அழித்தேன். கல்யாண வீட்டில் இருப்பவரிடம் போய் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? விலங்கியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று. எங்கள் பாடத்தில் கோழிக் கரு மட்டும்தான் இருந்தது.

9.40. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மேடம் திருப்பறதப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்கப்பா."

"அத வேற சொல்லோணுமாக்கும்? முட்டைன்னா திருப்போணும் அம்முணி. திருப்பாம உட்டா கரு ஓட்டுல ஒட்டிக்கும், குஞ்சு வராது. நாளைக்கு மூணு வாட்டி, பதனமாத் திருப்பு." பிறகு பக்கத்திலிருந்த யாரிடமோ: "எம்புள்ள முதலைக்கு அடை காக்குதுங்க!" சிரிப்புச் சத்தம்.

10.00 - முதல் முறை. பெருக்கல் குறி கீழே.
1.30 - இரண்டாம் முறை.
5.00 - மூன்றாம் முறை.

பதிவேட்டில் கட்டம் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஊருக்கு வந்து எனக்குத் தெரிந்த ஒரு வேலை இதுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. 9.00, 1.00, 5.00. கடைசியில் பெருக்கல் குறி எல்லாம் மேலே.

ஏப்ரல் 15, திங்கள்

மேடம் வந்து பதிவேட்டைப் பார்த்தார். "குட். நீட்டா இருக்கு." திருப்பியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் வந்துவிட்டது அவருக்கு. பெரிய விஷயம் ஒன்றும் இல்லையே.

ஏப்ரல் 26, வெள்ளி

கரு வளரும் முட்டையின் ஓட்டில் ஒரு வெள்ளைப் பட்டை தோன்றும். நாளாக ஆக அது அகலும். இன்று மேடம் டார்ச்சை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொன்றில் பட்டை நின்றுவிட்டது.

இர்பான் பாயைக் கூப்பிட்டார். "எந்த ரோட்ல வந்தே?"

"குறுக்கு ரோடு மேடம். மெயின் ரோட்ல லாரி கவுந்து ட்ராபிக். வெயில் ஏறிட்டு இருந்துச்சு."

"அந்த மண் ரோடா? முப்பது வயசு ஜீப்புல? ஓட்டினியா, ஆட்டினியா?"

அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

மே 3, வெள்ளி

பதினைந்தாம் தேதி கோடை முகாம். பிள்ளைகளுக்காக ஊர்வன, இருவாழ்விகள் பற்றி இருபது ஆச்சரியமான தகவல்கள் எடுத்து அட்டையில் எழுத வேண்டும். மேடம் தந்த புத்தகங்களிலிருந்து காலையிலிருந்து குறித்துக்கொண்டிருந்தேன். பிடித்த வேலை. யாரிடமும் பேச வேண்டாம்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது.
தவளை விழுங்கும்போது அதன் கண்கள் உள்ளே இறங்கி இரையைத் தள்ளுகின்றன.
முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது.
பூந்தொட்டி மண்ணில் இருக்கும் புழுப்பாம்பில் ஆணே இல்லை. எல்லாம் பெண்.
முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடு முடிவு செய்கிறது.

அதே பக்கம், அடுத்த பத்தி. பறவை முட்டையைப் போல முதலை முட்டையைத் திருப்பக் கூடாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டில்தான் அது வாழ்கிறது. ஆரம்ப வாரங்களில் முட்டை புரண்டால் கரு இறந்துபோகும். அதனால்தான் எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் குறியிடுகிறார்கள்.

குறி மேலேயே இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட குறி.

ஆறு முறை திருப்பினேன்.

மே 4, சனி

தின்ன முடியவில்லை. அறைத்தோழி தேஜஸ்வினி தட்டை நகர்த்தி வைத்து, "ஏ மொசலி, தினவா?" என்கிறாள், தின்னமாட்டாயா என்று. மொசலி என்றால் தெலுங்கில் முதலை. என் பட்டப்பெயர் இங்கே அதுதான். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 6, திங்கள்

இப்படியும் இருக்கலாமல்லவா - ரோட்டில் குலுங்கியதிலேயே எல்லாம் செத்துப்போயிருந்து, செத்த முட்டையைத்தான் நான் திருப்பினேன் என்று? அப்படியென்றால் மீதிப் பன்னிரண்டு ஏன் உயிரோடு இருக்கின்றன? குலுக்கலுக்கும் தப்பி எனக்கும் தப்பியவையா?

வடக்கே குளிர்நாட்டில் ஒரு தவளை. பனியில் உறைந்து, இதயம் நின்று, வாரக்கணக்கில் கட்டையாகக் கிடந்து, வெயில் வந்ததும் மறுபடி துடிக்குமாம். ஆறாவது தகவலாக எழுதினேன். எழுதிவிட்டு, முட்டைப் பெட்டிக்கு ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பைத்தியக்காரி. பட்டை நின்றது நின்றதுதான்.

மே 8, புதன்

நின்றுபோன பதினொன்றையும் மேடம் இன்று திறந்தார். தட்டைப் பிடித்துக்கொள்ள நான்.

ஓட்டைச் சுற்றிக் கத்தரியால் வெட்டி மூடியைப் போல எடுத்தார். உள்ளே ஒரு சிவப்பு நூல் வலை. நடுவில் என் நகம் அளவுக்குச் சுருண்ட ஒன்று. கண் மட்டும் பெரிதாக, கறுப்பாக. பதினொன்றும் ஏறக்குறைய ஒரே அளவு.

"பத்துப் பன்னெண்டு நாள் வளர்ந்திருக்கு. அப்பறம் ஸ்டாப். கொண்டு வந்த சமயம்தான்."

"கரெக்டா எந்த நாள்னு தெரியுமா மேடம்?" தட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"அவ்ளோ கரெக்டா முடியாது. முன்ன பின்ன ஒரு வாரம்."

ரோட்டின் நாள் பத்தாம் தேதி. என் நாட்கள் பதின்மூன்றும் பதினான்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த உலகத்தில் யாராலும் முடியாது. இரண்டாவது ஒன்று இருப்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது - ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

மே 10, வெள்ளி

மேடம் அறிக்கை எழுதியிருக்கிறார். தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே தந்தார். "இழப்புக்குக் காரணம்: எடுத்து வந்தபோது ஏற்பட்ட அதிர்வு." கீழே ஒரு வரி: ஓட்டுநர் இர்பானை மாத இறுதியோடு மீட்புப் பணியிலிருந்து விடுவிக்கப் பரிந்துரை. இருபதாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது.

அடித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

இர்பான் பாய்க்குப் பதினாறு வருடம் இங்கே. சாரைப் பாம்பைப் பிடித்து வந்து விடும்போது "போம்மா, போ" என்று சொல்லி அனுப்பும் மனிதர்.

நான் சொன்னால்? திங்கட்கிழமையே பெட்டி கட்டச் சொல்வார்கள். அப்பா ஹேச்சரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரியவே தெரியாது. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 12, ஞாயிறு

அப்பா: "ஏனம்முணி, முட்டையெல்லாம் எப்படி இருக்குது? திருப்பறயல்லோ?"

"ம்."

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"சளிங்கப்பா."

மே 14, செவ்வாய்

அட்டைகளைக் கொண்டுபோய் வைத்தேன். மேடம் எண்ணினார்.

"பத்தொம்போதுதான் இருக்கு. இருபதாவது எங்கே?"

"கிடைக்கல மேடம்."

"கைக்கு கிடைக்காது?" கைக்கு என்றால் ஏன். "நம்ம முட்டைப் பெட்டியே இருக்கே. கோழி முட்டையைத் திருப்பணும், முதலை முட்டையைத் திருப்பக் கூடாது. அதைப் போடு. பசங்களுக்குப் புடிக்கும்."

அங்கேயே, அவர் மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். பச்சை ஸ்கெட்ச் பேனா. பெரிய எழுத்தில். பக்கத்தில் ஒரு முட்டை வரையச் சொன்னார். வரைந்தேன். மேலே பெருக்கல் குறி போடச் சொன்னார். போட்டேன்.

மே 15, புதன்

முகாம். முப்பது பிள்ளைகள். குகட்பள்ளியிலிருந்து வந்த ஹர்ஷிதா என்ற ஒன்பது வயதுப் பெண் அட்டைகளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் தமிழாம். அவள் அம்மா தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்கிறாள். இருபதாவது அட்டையில் நின்றுவிட்டாள்.

"தெரியாம திருப்பிட்டா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்ற இர்பான் பாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"திருப்ப வேணாம் பேட்டா, ஆட்டினாலே போதும். நான் ஜீப்புல ஆட்டிட்டேன். பதினோரு பாப்பா போயிருச்சு."

"நீங்களா கொன்னீங்க?"

"ஹவ்."

பிள்ளைகள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் யாரும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் நம்புகிறார். தான்தான் என்று நிஜமாகவே நம்புகிறார்.

சாமி, நான் என்ன ஜென்மம்.

மே 16, வியாழன்

வாயால் வராது. மூன்று முறை மேடம் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் முறை அவர் இல்லை. பதிவேடு மேசையில் இருந்தது.

ஏப்ரல் 13-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: முட்டைகள் திருப்பப்பட்டன - 10.00, 1.30, 5.00. அடுத்த நாள் வரியில்: 9.00, 1.00, 5.00. திருப்பியது நான். யாரும் திருப்பச் சொல்லவில்லை. இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

"யாரும் திருப்பச் சொல்லவில்லை" என்று எழுதும்போது மட்டும் பேனா ஒரு நொடி நின்றது.

பதிவேட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். சைனிக்புரி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், நடந்து திரும்பி வந்தேன்.

மே 17, வெள்ளி

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எப்போ தெரிஞ்சது உனக்கு?"

"மூணாம் தேதி மேடம்."

"ரெண்டு வாரம். அந்த ரிப்போர்ட்டை நீதானே டைப் அடிச்சே? அவன் பேரை நீதானே அடிச்சே?"

"ஆமாம் மேடம்."

"திருப்பினது தெரியாமப் பண்ணது. அது என் தப்பும்தான், நான் சொல்லாமப் போனேன். இந்த ரெண்டு வாரம் கைக்கு? அது எந்த ஊர் பழக்கம்?"

அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். தட்டச்சு செய்ய என்னிடம் தரவில்லை. அவரே அடித்தார், இரண்டு விரலால்.

மே 18, சனி

இர்பான் பாயிடம் மேடம் சொல்லிவிட்டார். பாய் ஆமைத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை எந்த மொழியில் சொல்வது என்றே தெரியவில்லை.

அவர் நிமிரவில்லை. "அந்த ரோட்ல நான் டெய்லி ஓட்டுறேன், தெரியுமா? கண்ணை மூடினா அந்த ரோடு. இங்க பள்ளம், இங்க கல்லு, இங்க பிரேக். இருபது நாள் ஓட்டிட்டேன் மெதுவா மெதுவா. அப்பவும் சாவுது."

"பாய்..."

"இப்போ நக்கோ, வேணாம். அப்பறம் பேசு."

தேய்க்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

மே 27, திங்கள்

இன்னும் ஐந்து நின்றுபோயின. ஏழு இருக்கின்றன.

முட்டைப் பெட்டி அறைக்குள் நான் போகக் கூடாது. குழு முடிவு. ஜூன் முப்பதோடு கணக்கு முடித்துக்கொள்ளவும் முடிவு. இர்பான் பாய் தொடர்கிறார்.

இருவாழ்விகளில் மண்புழு போல ஒன்று உண்டு. கால் கிடையாது. சில வகைகளில் தாய் தன் தோலைக் குட்டிகளுக்கு உரித்துத் தின்னக் கொடுக்கும். பதினேழாவது தகவல். அட்டை நடையில் இன்னும் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கூண்டு கழுவப் போகிறேன்.

ஜூன் 12, புதன்

தவளைத் தொட்டியருகே இருந்தேன். இர்பான் பாய் நடையின் கோடியிலிருந்து கூப்பிட்டார். "ஏய், சுபாஸ்ரீ! இதர் ஆவ்!"

ஒரு மாதத்தில் முதல் முறையாக என் பெயர்.

அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். மணலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முட்டை உடையவில்லை, குஞ்சுகள் உள்ளே இருந்தே கூப்பிடுகின்றன. ரப்பர் பொம்மையை அமுக்கியது போல. ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்ல. ஆற்றங்கரையாக இருந்தால் தாய் கேட்டு வந்து தோண்டியிருக்கும். இங்கே இர்பான் பாய் விரலால் மணலை விலக்கினார். மேடம் பின்னால் நின்று எண்ணினார். ஐந்து, ஆறு. ஏழாவது வெகுநேரம் எடுத்தது. அதுவும் வந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அப்பா போன்.

"பொரிச்சிருச்சா அம்முணி? எத்தன?"

"ஏழுங்கப்பா."

"இருபத்தி மூணுக்கு ஏழா? எங்க ஹேச்சரியில இந்தக் கணக்கக் காட்டுனா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருவாங்க." சிரித்தார்.

"கிழிச்சுட்டாங்கப்பா."

சிரிப்பு நின்றது. பின்னால் மெஷின் விசிறிகளின் இரைச்சல் மட்டும். அப்பா முப்பது வருடமாக முட்டைகளோடு இருப்பவர். அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"திருப்புனதுலயா கோளாறு?"

"அந்த முட்டையத் திருப்பவே கூடாதாம்ப்பா. அதுக்கு ஓட்டுல ஒட்டுனாத்தான் உசுராம்."

அப்பா மெல்ல: "நாந்தான சாமி சொன்னேன்."

"இல்லீங்கப்பா. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே வெடியால ஒருக்காத் திருப்பிட்டேன். அதுலயே போயிருச்சு. நீங்க சொன்னதுனால இல்ல."

"நெசமாவா?"

"நெசமாங்கப்பா."

மூச்சு விடுவது கேட்டது. "செரி வா. சேலத்துல எறங்கு, நான் வந்து நிக்கறேன்."

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஜூலை முதல் தேதி. துணியெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. இந்த நோட்டு மட்டும் கட்டில் மேல் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு போனும், மணி நிமிடத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். 9.40 அப்பாவுக்குப் போன், 10.00 முதல் முறை.

அப்பாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.